நாலு விரல் தள்ளியிருந்த கோடு

கரையான்சாவடி மெயின் ரோட்டில், மருந்துக் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே நெருக்கிப் பிடித்து உட்கார்ந்திருப்பதுதான் கன்னியப்பனின் டயர் கடை. கடைக்குப் பலகை உண்டு. ஆனால் அதை இலவசமாக எழுதிக் கொடுத்த டயர் கம்பெனி தன் பேரைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு, கன்னியப்பன் பேரை மூலையில் எறும்பு அளவுக்கு எழுதிவிட்டுப் போய்விட்டது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பலகையைப் பார்த்து அங்கே யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. கன்னியப்பன் கை வைத்த சக்கரத்தை மறுபடி கழற்ற வேண்டியதில்லை என்று பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் ஒரு பேச்சு இருந்தது. மனுஷனுக்கு இருந்த சொத்தெல்லாம் அந்தப் பேச்சுதான். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கால் மணி நேரத்தில், ஒரு பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அவரே கெடுத்துக்கொண்டார்.

கன்னியப்பனின் அப்பாவும் அம்மாவும் நேமம் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். வயல் மனையானதும் கூலியும் போயிற்று. பதினாறு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய் ஒரு பட்டறையில் தகடு வெட்டினார். அங்கிருந்து பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் இடத்துக்குப் போனார். முப்பது வயதில் சொந்தக் கடை. இப்போது ஐம்பத்திரண்டு. மனைவி நாகவல்லி இன்னமும் எஸ்டேட்டில் ஒரு பேக்கிங் கம்பெனிக்குப் போய் வருகிறாள். காலை ஏழரைக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

சும்மா சொல்லக் கூடாது, கன்னியப்பன் நல்ல வேலைக்காரர். நாணயஸ்தரும்கூட. ஒரே ஒரு கோளாறு உண்டு. 'தப்பாப் பண்ணிட்டேன்' என்கிற வார்த்தை அவர் வாயில் வராது. டிராக்டர் டயரின் பட்டைகள் அம்புமுனை மாதிரி ஒரு பக்கம் பார்த்து இருக்கும். அதைத் திருப்பி மாட்டினால் சேற்றில் பிடிக்காது. ஒருமுறை பேச்சு மும்முரத்தில் திருப்பி மாட்டிவிட்டார். வண்டிக்காரன் கேட்டதும், "தார் ரோட்டுக்கு இப்பிடித்தான் நைனா மாட்டணும், இப்ப புது மொறை" என்றார் கூசாமல். அந்த அப்பாவி ஒரு வருஷம் அப்படியே ஓட்டினான். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், கன்னியப்பனும் சிரித்தார். அப்போதே யாராவது சட்டையைப் பிடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அந்தப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் லாரி பாதி, டிராக்டர் பாதி. டிராக்டருக்குப் பின்னால் டேங்கரைக் கோத்து இழுத்துக்கொண்டு போவார்கள். இந்த டிராக்டர்களில் பெரிய சக்கரத்துக்கு ஒரு நோய் உண்டு. கைக்குக் கொஞ்சம் பெரிதாகப் போன வளையல், கையைத் திருப்பும்போது தான் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும் அல்லவா? அதே மாதிரி, பாரத்தை இழுக்கும்போது இரும்பு ரிம் சுற்றும், டயர் கூடவே சுற்றாமல் வழுக்கும். டயரோடு உள்ளே இருக்கிற டியூபும் நின்றுவிடும். டியூபின் வால்வோ ரிம்மில் இருக்கிற ஓட்டை வழியாக வெளியே வந்திருக்கிறது. அது என்ன செய்யும் பாவம்? கழுத்தைப் பிடித்துத் திருகிய மாதிரி சாய்ந்து, கடைசியில் வேரோடு பிய்ந்துவிடும். பாரத்தோடு போகிற வண்டியில் ஒரே நொடியில் காற்று மொத்தமும் போனால் என்னவாகும் என்று சொல்லவேண்டியதில்லை.

தண்ணீர் வண்டி பாபுவுக்கு இப்படி ஒரு வருஷத்தில் நாலு டியூப் போயிற்று. "இன்னா அண்ணாத்தே, இதுக்கு ஒரு வழி பண்ண மாட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கன்னியப்பன் ஒரு மாதம் யோசித்தார். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, டயர் விளிம்பின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, அதன் முதுகில் ஒரு போல்ட்டைப் பற்றவைத்தார். ரிம்மில் துளை போட்டு, பட்டையை உள்ளே வைத்து, போல்ட்டை வெளியே எடுத்து நட்டு போட்டு இறுக்கினால், பட்டை டயரின் விளிம்பை ரிம்மோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஒரு சக்கரத்துக்கு எதிரும் புதிருமாக இரண்டு. பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. ஆனால் வேலை செய்தது. எல்லாரும் அதைக் 'கன்னியப்பன் கிளிப்பு' என்றார்கள். அவர் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி டயர் கழற்றும் லீவரைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

முதலில் பாபுவின் டிராக்டரில் வலது சக்கரத்துக்கு மட்டும் போட்டார். போட்டுவிட்டு வெள்ளைப் பெயின்டில் ரிம்மிலிருந்து டயர் வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்தார். அந்த வண்டியை ஓட்டுகிறவன் தேவா. வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வந்து போகிறவன், முப்பத்தைந்து வயது, அதிகம் பேசாத ஆள். முன்பு குடித்துக்கொண்டிருந்தான். பெண் குழந்தை பிறந்த வருஷம் விட்டுவிட்டான்.

"தோ பாரு தேவா" என்று அவனைக் குனிய வைத்துக் காட்டினார் கன்னியப்பன். "தெனம் காலைல வண்டி எடுக்கறப்ப இந்தக் கோட்டப் பாரு. ரிம்மு மேல கீற கோடும் டயரு மேல கீற கோடும் ஒண்ணா இருந்துச்சின்னா கண்ண மூடிகினு ஓட்டு. வெலகி இருந்தா எடுக்காத. எனக்குப் போன் போடு."

"கோடு மட்டும் பாத்தாப் போதுமா அண்ணாத்தே?"

"கோடு பொய் சொல்லாது" என்றார்.

மூன்று வாரம் கோடு அசையவில்லை. பிறகு இடது சக்கரத்துக்கும் கிளிப்பு போட்டு, அதே மாதிரி கோடும் இழுத்தார். அது வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று சரவணக்குமார் வருவதாக இருந்தது. கரூர்க்காரர், பக்கத்து அடுக்குமாடியில் குடியிருக்கிறவர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இந்த மாதிரிப் பட்டறைக் கைவேலைகளை வீடியோ எடுத்துப் போடுவது அவருக்கு ஒரு ஆசை. கார் பஞ்சருக்கு வந்த இடத்தில் கிளிப்பைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதை நாலு பேர் பார்க்கணும்ணா" என்று ஒற்றைக் காலில் நின்றார். நாகவல்லி வேனில் வருகிற அத்தனை பெண்களிடமும் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் தேவா டிராக்டரைக் கடை வாசலில் விட்டுவிட்டு ரயிலேறிவிட்டான். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கன்னியப்பன் பக்கெட்டும் துணியுமாக வந்தார், வண்டியைக் கழுவ. வலது சக்கரத்தைக் கழுவினார், கோடு நேராக இருந்தது. இடது பக்கம் வந்து சேற்றை வழித்தார். ரிம்மில் இருந்த கோடு ஒரு இடத்தில், டயரில் இருந்த கோடு இன்னொரு இடத்தில். விரலை வைத்துப் பார்த்தார். நாலு விரல். வால்வும் சாய்ந்திருந்தது.

அந்த இடத்தில் வேறு எந்த டயர்காரராவது இருந்திருந்தால் சக்கரத்தைக் கழற்றியிருப்பார். கன்னியப்பனும் எழுந்து ஜாக்கி எடுக்கத்தான் போனார். மணி ஏழேகால். ஒன்பதுக்குச் சரவணக்குமார் வருகிறார். பாபு மாலை வாங்கி வருகிறேன் என்றிருக்கிறான். டீக்கடை ஆட்கள் எல்லாரும் வருவார்கள். அவர்கள் முன்னால் சக்கரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தார். 'இன்னா அண்ணாத்தே, உன் கிளிப்பும் வயுக்கிச்சா?' என்று ஒருவன் கேட்பான், நாலு பேர் சிரிப்பார்கள். ஜாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பெட்ரோலில் துணியை நனைத்தார். டயரில் இருந்த கோட்டை அழுத்தித் தேய்த்து அழித்தார். பெயின்ட் டப்பாவைத் திறந்து, ரிம்மில் இருந்த கோட்டுக்கு நேராக டயரில் புதுக்கோடு போட்டார். கை நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவருக்கு அதிக வெட்கம்.

அடுத்த வாரம் கழற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒன்பது மணிக்குத் தேவா வந்தான். "நேத்து கட்டட வேல நடக்குற எடத்துல சேத்துல மாட்டிகிச்சி அண்ணாத்தே, முக்கி முக்கித்தான் வெளிய வந்துச்சி" என்றான். சொல்லிவிட்டு நேராக இடது சக்கரத்திடம் போய்க் குனிந்து கோட்டைப் பார்த்தான். நிமிர்ந்து சிரித்தான். "அப்பவும் அசையல பாரேன்!" என்று பாபுவைக் கூப்பிட்டுக் காட்டினான். வீடியோவில் அதுவும் வந்தது. கன்னியப்பன் கழுத்தில் மாலையோடு நிற்கிறார், தேவா கோட்டைத் தொட்டுக் காட்டுகிறான், பாபு கை தட்டுகிறான். கன்னியப்பன் முகத்தில் ஒரு அடக்கம் தெரிகிறதே, அது அடக்கமில்லை. ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் வந்தது. கூட்டமும் வந்தது. திருவேற்காட்டிலிருந்து ஒருவர், திருநின்றவூரிலிருந்து ஒருவர் என்று அஞ்சு வண்டிக்குக் கிளிப்பு போட்டார். பாபுவின் வண்டி வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் கண் இடது சக்கரத்துக்குப் போகும். கோடு நேராகவே இருக்கும். தான் போட்ட கோடுதான் என்று தெரிந்தும், அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கே ஒரு தைரியம் வந்துவிட்டது. இப்படியும் ஒரு மனுஷன் ஏமாறுவானா என்றால், ஏமாந்தார்.

பன்னிரண்டாம் நாள், பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்துத் திருப்பத்தில், முழு டேங்கரோடு திரும்பும்போது வால்வு பிய்ந்தது. வெடித்த மாதிரிச் சத்தம். டிராக்டர் இடது பக்கம் சாய, பின்னால் டேங்கர் முட்டித் தள்ள, வண்டி ஒரு காம்பவுண்டுச் சுவரில் போய் மோதியது. தேவாவின் இடது கால் மட்கார்டுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி இரண்டு இடத்தில் முறிந்தது. தெருவில் வேறு யாரும் இல்லாதது புண்ணியம். டேங்கர் சாய்ந்து தண்ணீர் ரோட்டில் ஓடியது. போனில் படம் எடுத்தவர்கள் பாதி, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்கள் பாதி.

சக்கரம் வேறு எங்கே வரும்? கன்னியப்பன் கடைக்குத்தான் வந்தது. பாபு பக்கத்தில் நிற்க, அவர் டயரைப் பிரித்தார். பிரித்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கிளிப்பு அழுத்துகிற இடத்தில், ரிம்மின்மேல் வெள்ளையாக ஒரு பொருக்கு காய்ந்து கிடந்தது. சோப்பு. டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்னால் வழுக்கிக்கொண்டு உட்காரட்டும் என்று விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். முப்பது வருஷமாக அவர் கை யோசிக்காமல் செய்கிற வேலை அது. வலது சக்கரத்துக்கு முதல்முதலாகக் கிளிப்பு போட்டபோது கவனமாகத் துடைத்துவிட்டுத்தான் போட்டார். இடதுக்கு, வெள்ளிக்கிழமை அவசரத்தில், கை பழக்கத்தில் தடவிவிட்டது. வழுக்கக் கூடாத இடத்தில் வழுக்குவதற்கு அவரே வழி பண்ணியிருக்கிறார். ஈரம் இருந்தவரை சேற்றில் ஒரே இழுப்பில் நாலு விரல் நகர்ந்து, காய்ந்ததும் அதே இடத்தில் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு கோடு ஏன் அசையப்போகிறது? சாய்ந்த வால்வு மட்டும் உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ந்துகொண்டிருந்தது. அந்த ஞாயிறு காலை கழற்றியிருந்தால் அரை நாள் வேலையோடு போயிருக்கும்.

பாபு குனிந்து கோட்டைப் பார்த்தான். "கோடு நேராத்தான கீது அண்ணாத்தே. அப்ப கிளிப்பு மேல தப்பு இல்ல. காத்து எறங்கினத்தப் பாக்காம ஓட்டிகீறான். பழைய புத்தி எங்கப் போவும்? ஊத்திகினு வந்தானோ இன்னாவோ."

கன்னியப்பன் வாயைத் திறந்தார். வாயில் வந்தது வேறு. "காத்து கம்மியா இருந்தா... பிச்சிக்கும்தான்" என்றார்.

பொய் என்று சொல்ல முடியாது. காற்று குறைந்தாலும் வால்வு பிய்யும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால் தேவா கதை முடிந்தது. தண்ணீர் வண்டிக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. கன்னியப்பனும் அதில் இருக்கிறார். அன்று மத்தியானமே பாபு அதில் பேசிப் போட்டான்: "தேவாவ இனிமே யாரும் வண்டில ஏத்தாதீங்கப்பா. சக்கரத்துல காத்துகூட பாக்காம ஓட்டறான். கன்னியப்பன் அண்ணனே பாத்துட்டுச் சொன்னாரு." தன் பேர் வந்த இடத்தைக் கன்னியப்பன் மூன்று தடவை போட்டுக் கேட்டார். பிறகு போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வந்த ஸ்கூட்டருக்குப் பஞ்சர் போட்டார்.

மற்றதையெல்லாம் ஒழுங்காகச் செய்தார். கிளிப்பு போட்ட அஞ்சு வண்டியையும் 'சர்வீஸ்' என்று கூப்பிட்டு, கழற்றி, சோப்பு இல்லாமல் துடைத்து, திரும்ப மாட்டிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனார். கட்டுப்போட்ட காலைத் தொங்கவிட்டுப் படுத்திருந்த தேவா, "கோடு பாத்துட்டுத்தான் எடுத்தேன் அண்ணாத்தே" என்றான். "அன்னிக்கும் பாத்தேன். நேராத்தான் இருந்துச்சி. யாரும் நம்ப மாட்டேன்றாங்க." அவன் பார்வையைத் தாங்க முடியாமல் கன்னியப்பன் பக்கத்துக் கட்டில்காரனிடம் எந்த ஊர் என்று விசாரித்தார். வீட்டில் நாகவல்லி யாராவது விருந்தாளி வந்தால் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள். அந்த நேரத்தில் அவர் குளிக்கப் போய்விடுவார். ஒரே நாளில் மூன்று முறை குளித்த நாளும் உண்டு.

ஒருநாள் பொறுக்க முடியாமல் டீக்கடையில் பாபுவிடம் சொல்லியும் விட்டார். சுற்றி ஆறேழு பேர் இருந்தார்கள். "பாபு, தேவா மேல தப்பு இல்லப்பா. தப்பு என்னிதுதான். டயரு ஏற்கெனவே நகுந்து போச்சி, நான்தான் கோட்ட அழிச்சிட்டு வேற போட்டேன்."

பாபு அவரையே பார்த்தான். பிறகு அவர் தோளில் கை போட்டான். "பாத்தீங்களாப்பா! ஒருத்தன் வேல போச்சேன்னு பழியத் தன் தலைல தூக்கிப் போட்டுக்கறாரு. அண்ணாத்தே, உன் மன்சு யாருக்கு வரும்? ஆனா அவனுக்கோசரம் நீ பேரக் கெடுத்துக்காத." கூட இருந்தவர்களும் ஆமாம் போட்டார்கள். ஒருவர் கன்னியப்பன் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.

இந்த இடத்தில் கன்னியப்பன் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த டயர், கடையின் பின்பக்கம்தான் கிடந்தது. பெட்ரோல் போட்டுத் தேய்த்தாலும் டயரின் பள்ளக் காடிகளுக்குள் பழைய வெள்ளை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. புதுக்கோட்டுக்கு நாலு விரல் தள்ளி. 'வா பாபு, வந்து பாரு' என்று கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டியிருந்தால் தீர்ந்தது. காட்டவில்லை. 'நம்ம மனசறிஞ்சு சொல்லியாச்சு, நம்பாதது அவங்க பாடு' என்று டீயைக் குடித்துவிட்டு வந்தார். வந்து மூன்று நாள் ஓரளவு நன்றாகச் சாப்பிடவும் செய்தார்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்குச் சித்ரா வந்தாள், தேவாவின் மனைவி. பூந்தமல்லி பஸ்ஸில் இறங்கி நடந்து வந்திருக்கிறாள், முகமெல்லாம் வேர்வை. ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அண்ணே, உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். நெசத்தச் சொல்லுவீங்கன்னுதான் வந்தேன்."

"கேளும்மா."

"அவரு அன்னிக்குக் குடிச்சிருந்தாரா?"

கன்னியப்பன் கையிலிருந்த லீவரைக் கீழே வைத்தார்.

"கோடு பாத்தேன், கோடு பாத்தேன்னு தெனம் சொல்றாரு. கொயந்த தலைல கை வச்சி சத்தியம் பண்றாரு. எனக்கு அதப் பாக்கவே புடிக்கல. அதுகூட பொய் சத்தியமோன்னு தோணுது. அஞ்சி வருசமா வுட்டுட்டாருன்னு நம்பிகினு கீறேன். ஊருல எல்லாம் ஊத்திகினு ஓட்டினாருன்னுதான் பேசிக்கறாங்க. ரெண்டு நாளா எனக்கும் அப்பிடித்தான் தோணுது. நேத்திலேர்ந்து அவரு மூஞ்சியப் பாத்துப் பேசல. நீங்க சக்கரத்தப் பாத்தவரு. சொல்லுங்கண்ணே. குடிச்சிருந்தாருன்னா குடிச்சிருந்தாருன்னு சொல்லுங்க, நான் என் வழியப் பாத்துக்கறேன்."

சேதாரம் ஒரு கால், ஒரு வேலை என்றுதான் கன்னியப்பன் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். வேப்பம்பட்டில் ஒரு வீட்டுக்குள்ளே பேச்சு நின்றுபோனது அவருக்குத் தெரியாது.  "இரும்மா" என்று பின்பக்கம் போனார். டயரைத் தூக்கி நிறுத்தி, உருட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்தினார்.

"இந்தக் கோடு நான் போட்டது. அவன் பாத்தது இதத்தான். இது பொய்க் கோடு. தோ, இந்தக் காடிக்குள்ள வெள்ளையா கீது பாரு, இதான் மொதக் கோடு. டயரு நகுந்துட்டது எனக்குத் தெரியும். வீடியோ எடுக்க வராங்கன்னு, நாலு பேரு சிரிப்பாங்கன்னு, அழிச்சிட்டு வேற போட்டேன். தேவா குடிக்கல. காத்து பாக்காமலும் இல்ல. நான் பாக்கச் சொன்னத அவன் ஒயுங்காப் பாத்தான்."

சித்ரா குனிந்து இரண்டு கோட்டுக்கும் நடுவில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். அவள் விரல் மெல்லிசு, அஞ்சு விரல் பிடித்தது. திட்டுவாள் என்று நின்றார். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை.

"இத பாபு அண்ணனாண்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். நம்பல."

"டயரக் காட்டினீங்களா?"

கன்னியப்பன் தலையைத் தொங்கப்போட்டார்.

"வாங்க" என்றாள் சித்ரா. "எடுத்துகினு வாங்க."

பாபுவின் ஷெட் அரை கிலோமீட்டர். டிராக்டரின் பெரிய டயர், ஆள் மார்பு உயரம். கன்னியப்பன் அதை மெயின் ரோட்டின் ஓரமாக உருட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சித்ரா. அவரைத் தெரியாதவர் யார் அந்த ரோட்டில்? மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, வண்டிலப் போட்டு எடுத்துகினு போகக் கூடாதா?" என்றார். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து கூடவே வந்தார்கள். சரவணக்குமார் பைக்கை நிறுத்தி, "என்னண்ணா, புது கண்டுபிடிப்பா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "இல்ல சார்" என்றார் கன்னியப்பன். "பழைய திருட்டுத்தனம். வாங்க, வந்து அதயும் பாருங்க." காது மடலெல்லாம் சூடாயிற்று. ஆனாலும் நிற்கவில்லை.

பாபு பார்த்தான். காடிக்குள் இருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.  அவன் பேச்சில் 'அண்ணாத்தே' போய்விட்டது. "அன்னிக்கு நான் மால போடறப்ப உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"நான் அவன வேலைய வுட்டுத் தூக்கறப்ப?"

"தெரியும் பாபு."

பாபு கையை ஓங்கிவிட்டான். அடிக்கவில்லை. வயசைப் பார்த்தானோ, கூட இருந்த பெண்ணைப் பார்த்தானோ, கையை இறக்கி, "போய்யா" என்றான். அதற்கு அடித்திருக்கலாம்.

"குரூப்புலதான சொன்னீங்க" என்றாள் சித்ரா பாபுவிடம். பிறகு கன்னியப்பனைப் பார்த்தாள். "அங்கயே சொல்லுங்க."

கன்னியப்பன் போனை எடுத்தார். அத்தனை பேர் சுற்றி நிற்க, பட்டனை அழுத்திக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து சொன்னார். சோப்பையும் விடவில்லை.  சொல்லி முடித்து அனுப்பினார். வேப்பம்பட்டில் படுத்துக் கிடந்த தேவாவும் அந்தக் குரூப்பில் இருக்கிறான். அதை யாரும் நினைக்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் சித்ராவின் போன் அடித்தது.

அவள் சற்றுத் தள்ளிப் போய்ப் பேசினாள். ஆனால் தேவா கத்தித்தான் பேசினான். கன்னியப்பனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"கேட்டியா சித்ரா? நான் பாத்தேன்! நான்தான் சொன்னேன்ல, கோடு நேரா இருந்துச்சின்னு!"

"கேட்டேங்க. இங்கதான் நிக்கறேன்."

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. மெய்யாலுமே பாத்தமா, இல்ல பாத்தா மாதிரி நெனச்சிகினமான்னு."  பிறகு குரல் கொஞ்சம் தணிந்தது, ஆனாலும் கன்னியப்பனுக்குக் கேட்டது. "நீ நம்புனியா? நேத்திலேர்ந்து பேசலையே. நீயாவது நம்புனியா?"

சித்ரா திரும்பினாள். கன்னியப்பன் நேர் எதிரே நின்றுகொண்டிருந்தார். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம் அவரையே பார்த்தபடி நின்றாள்.

"நம்பாம?" என்றாள் போனில். "நான் எப்பங்க உங்கள சந்தேகப்பட்டேன்? ஒடம்பு சரியில்ல, அதான் பேசல."

போனைப் பைக்குள் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்தாள். மற்றவர்கள் டயரைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தி, "அண்ணே" என்றாள். "காலைல நான் வந்து உங்களாண்ட கேட்டேன்ல. அது அவருக்குத் தெரிய வேணாம்ணே."

சொல்லும்போது அவள் முகம் சிவந்து போயிருந்தது.

"சரிம்மா" என்றார் கன்னியப்பன். மறைத்ததையெல்லாம் சொல்லித் தீர்க்கத்தான் அவ்வளவு தூரம் டயரை உருட்டிக்கொண்டு வந்தார். இதை இனி யாரிடமும் சொல்ல முடியாது. ஒரு தப்பும் செய்யாத பெண் தன் முன்னால் நின்று வெட்கப்படுவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. திரும்பிக்கொண்டார்.